இரட்டைக் காப்புநகல்

இரட்டைக் காப்புநகல் என்பது ஒரு கணினியிலோ வழங்கியிலோ உள்ள தரவுகளுக்குக் குறைந்தது இரண்டு காப்புநகல்களை எடுத்து, ஒன்றை அதே இடத்திலும் மற்றொன்றைத் தொலைவிலுள்ள வேறோர் இடத்திலும் வைத்துப் பேணும் முறையாகும். இக்கட்டுரையில் முதலாவது உள்ளிடக் காப்புநகல் எனவும் இரண்டாவது வெளியிடக் காப்புநகல் எனவும் குறிக்கப்படுகின்றன. அன்றாடம் நிகழும் சிறு இழப்புகளிலிருந்து விரைவாக மீள்வதற்கு முதலாவது பயன்படுகிறது. தீ, வெள்ளம், நிலநடுக்கம், போர் ஆகியவற்றால் இடமே அழியும்போது தரவு பிழைத்திருப்பதற்கு இரண்டாவது பயன்படுகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

காப்புநகல் என்னும் சொல் பேச்சு வழக்கில் "பேக்கப்" எனப்படுவதைக் குறிக்கும். காப்புப்பிரதி, காப்புப்படி என்றும் எழுதுவதுண்டு. மூலத் தரவு அழிந்தால் அதை மீட்பதற்கென்றே தனியாக எடுத்து வைக்கப்படும் படிக்கு மட்டுமே இப்பெயர் பொருந்தும். இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பைப் பலர் காப்புநகல் எனக் கருதுகின்றனர். அது சரியன்று. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு தட்டுகளிலும் அது அதே நொடியில் அழிந்துவிடும். ரெய்டு தட்டுப் பழுதிலிருந்து காக்கும், கைத்தவறிலிருந்து காக்காது.

ஒரே படியின் கதை

கணினிக்கு முன்பே இச்சிக்கல் தமிழருக்கு நன்கு தெரிந்த ஒன்று. ஓலைச்சுவடி நிலையான பொருளன்று. பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். எனவே பழைய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணியை 1887 ஆம் ஆண்டிலும் சிலப்பதிகாரத்தை 1892 ஆம் ஆண்டிலும் மணிமேகலையை 1898 ஆம் ஆண்டிலும் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அவற்றின் படிகள் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்தமையே. ஓரூர்ச் சுவடியில் சிதைந்திருந்த பகுதியை வேறோர் ஊர்ச் சுவடியைக் கொண்டு நிரப்பினார். எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று எனினும், இன்றைய கணினியியல் சொற்களில் கூறுவதானால் அது வெளியிடக் காப்புநகலேயாகும்.

இதற்கு நேர்மாறானது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவில் அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இந்த எண்ணிக்கை பலமுறை எடுத்துக் கூறப்பட்டுள்ளது. ஆனால் இக்கட்டுரையின் நோக்கில் அதனை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. அச்சு நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு உலகில் வேறெங்கேனும் ஒரு படி இருந்திருக்கும். பணமும் முயற்சியும் இருந்தால் மீண்டும் பெறலாம். வேறு படியில்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் அவ்வாறல்ல. கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது, அவை எழவில்லை. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து இணையத்தில் வழங்கி வருகிறது. ஒரு கட்டடத்தை எரித்து ஒரு சமூகத்தின் எழுத்தை அழிக்க முடியும் என்ற நிலையை மாற்றும் வேலை அது.

இருவகை இழப்புகள்

தரவு இழப்புகளை இரண்டு வகையாகக் கொள்ளலாம். முதல் வகை அடிக்கடி நிகழ்வது, சிறிய பரப்பைத் தாக்குவது. தவறான கோப்பை அழித்தல், வன்தட்டுப் பழுது, மென்பொருள் வழு, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியன இதில் அடங்கும். இரண்டாம் வகை மிக அரிதாக நிகழ்வது, ஆனால் எல்லாவற்றையும் ஒருங்கே கொண்டுபோவது.

முதல் வகைக்கு வேகம் வேண்டும். கணக்காளர் மாத இறுதியில் ஒரு கோப்பை இழந்துவிட்டால் அரைமணி நேரத்தில் அது திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டாம் வகைக்குத் தொலைவு வேண்டும். வேகமும் தொலைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இதனை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

ஒரு டெராபைட் தரவை மீட்க வேண்டும் எனக் கொள்வோம். அது எட்டு இலட்சம் கோடி பிட்டுகள் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பு முழு வேகத்தில் தடையின்றி இயங்கினாலும் 80,000 நொடிகள், அதாவது 22 மணி நேரத்திற்கு மேல் ஆகும். 20 மெகாபிட் இணைப்பாயின் நான்கரை நாட்களுக்கு மேல் ஆகும். மேசையருகே உள்ள புற வன்தட்டு நொடிக்கு 100 மெகாபைட் என்ற அளவில் படித்தால் அதே தரவு மூன்று மணி நேரத்திற்குள் வந்துவிடும். இங்கு பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எட்டுப் பிட்டுகள் கொண்டது ஒரு பைட்டு. இணைய நிறுவனங்கள் பிட்டிலும் வன்தட்டு நிறுவனங்கள் பைட்டிலும் பேசுகின்றன.

எனவே இணையத்தில் உள்ள வெளியிடக் காப்புநகலை மட்டும் நம்பியிருப்பவர் வன்தட்டு பழுதானால் நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும். அலமாரியில் உள்ள வன்தட்டை மட்டும் நம்பியிருப்பவர் தீ விபத்தில் இரண்டையும் இழப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வதைவிட இரண்டையும் வைத்துக்கொள்வது மலிவு.

உள்ளிடக் காப்புநகல்

இது புற வன்தட்டு, வலையமைப்புச் சேமிப்பகம், காந்த நாடா ஆகியவற்றில் ஒன்றில் எடுக்கப்படும். காந்த நாடா வழக்கொழிந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. 2021 ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை எல்டிஓ நாடாவின் ஒரு பேழை, சுருக்கம் ஏதுமின்றி 18 டெராபைட் கொள்ளும். பெரிய நிறுவனங்கள் இன்றும் நாடாவை விடவில்லை. எடுத்த நாடாவை இயக்கியிலிருந்து கழற்றி வைத்துவிட்டால் எந்தத் தீநிரலும் அதைத் தொட முடியாது என்பது அதன் தனிச்சிறப்பு.

முழுக் காப்புநகல், மாறியவற்றை மட்டும் எடுக்கும் காப்புநகல் என இருமுறைகள் கலந்து பயன்படுத்தப்படுகின்றன. வாரத்திற்கு ஒருமுறை முழுவதும், மற்ற நாட்களில் முந்தைய நாளுக்குப் பின் மாறியவை மட்டும் என்பது பரவலான ஏற்பாடு. இதனால் இடமும் நேரமும் மிச்சமாகும். ஆனால் மீட்கும்போது முழு நகலையும் அதன் பின்னுள்ள ஒவ்வொரு நாள் நகலையும் வரிசையாக இட வேண்டும். இடையில் ஒன்று பழுதானாலும் அதற்குப் பிந்தையவை பயன்படா.

வெளியிடக் காப்புநகலும் தொலைவும்

எவ்வளவு தொலைவில் வைத்தால் அது வெளியிடம் ஆகும்? கிலோமீட்டரில் விடை தேடுவதற்கு முன், இரண்டு இடங்களையும் ஒரே நிகழ்வு தாக்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியுமாயின் அது வெளியிடம் அன்று.

2021 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் நாள் பிரான்சின் சுட்ராசுபூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. காப்புநகல் சேவைக்குப் பணம் செலுத்தியிருந்த சில வாடிக்கையாளர்களின் நகல்களும் மூலத்தோடு ஒரே இடத்தில் இருந்தமையால் அழிந்தன. அவர்களுள் ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், ஓவிஎச் இழப்பீடு வழங்க வேண்டும் என 2023 ஆம் ஆண்டு பிரெஞ்சு வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்புநகல் என்ற பெயரில் ஒன்றை வாங்குபவர் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் தென்கொரியாவின் தேசான் நகரில் அரசுத் தரவு மையத்தில் இலித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் அங்கிருந்தது. அதில் இருந்த 858 டெராபைட் தரவும் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடக் காப்புநகல் எடுக்கப்பட்டிருக்கவில்லை. மேலே கூறிய நாடாவில் கணக்கிட்டால் 858 டெராபைட்டுக்கு 48 பேழைகள் போதும். ஒரு சிறு அலமாரியில் அடங்கும்.

தமிழ்நாட்டில் தொலைவைப் பற்றி எண்ணுவதற்கு 2015 ஆம் ஆண்டு டிசம்பர் மாதச் சென்னை வெள்ளம் தக்க எடுத்துக்காட்டு. டிசம்பர் 2 ஆம் நாள் தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878 ஆம் ஆண்டு தொடங்கிய அவ்விதழின் வரலாற்றில் இவ்வாறு நேர்ந்தது முதன்முறை. அச்சகம் நகருக்குத் தெற்கே மறைமலைநகரில் இருந்தது. வெள்ளத்தால் பணியாளர்கள் அங்கு சென்றுசேர முடியவில்லை. நகரின் நடுவிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருந்தும் இரண்டு இடங்களும் ஒரே மழையின் கீழ் இருந்தன. இடம் பாதுகாப்பாக இருப்பது மட்டும் போதாது. தேவைப்படும் நாளில் ஒருவர் அங்கு போய்ச் சேரவும் வேண்டும், அல்லது போகாமலே இயக்க முடிய வேண்டும்.

அண்ணாநகர் அலுவலகத்தின் காப்புநகலை வேளச்சேரியில் வைத்திருந்தவருக்கு அவ்வாரம் அது உதவியிருக்காது. திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ வைத்திருந்தவருக்கு உதவியிருக்கும். மேகக் கணிமைச் சேவைகளிலும் இதே கேள்வி எழுகிறது. இந்தியாவில் மும்பை, ஐதராபாத், புனே, சென்னை ஆகிய நகரங்களில் இத்தகைய தரவு மையங்கள் உள்ளன. சென்னையில் இருந்துகொண்டு சென்னை மையத்தையே தேர்ந்தெடுப்பது வேகத்திற்கு நல்லது, வெளியிடக் காப்புநகலுக்கு நல்லதன்று. இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம் தன் தேசியத் தரவு மையங்களைத் தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் முதலிய வெவ்வேறு நகரங்களில் அமைத்துள்ளது.

இரண்டு இலக்குகள்

காப்புநகல் திட்டத்தை வகுப்போர் முதலில் இரண்டு எண்களை முடிவு செய்கின்றனர். எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்க முடியும் என்பது மீட்புப் புள்ளி இலக்கு. எவ்வளவு நேரத்திற்குள் பணி மீண்டும் தொடங்க வேண்டும் என்பது மீட்பு நேர இலக்கு. நாள்தோறும் இரவு பத்து மணிக்குக் காப்புநகல் எடுக்கும் கடையில் மாலை ஆறு மணிக்கு வன்தட்டு பழுதானால் இருபது மணி நேரக் கணக்கு போய்விடும். அதை மறுபடி தட்டச்சு செய்ய முடியுமாயின் அந்தத் திட்டமே போதும். முடியாதாயின் அடிக்கடி எடுக்க வேண்டும்.

இவ்விரு எண்களின் பொருளை இந்தியாவில் மிகத் தெளிவாகக் காட்டுவது பங்குச்சந்தையாகும். மும்பையிலுள்ள தேசியப் பங்குச்சந்தையின் பேரிடர் மீட்பு மையம் சென்னையில் உள்ளது. இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவு. முதன்மை மையமும் மீட்பு மையமும் வேறு வேறு நிலநடுக்க மண்டலங்களில் இருப்பது விரும்பத்தக்கது, இயலாதாயின் குறைந்தது 500 கிலோமீட்டர் இடைவெளியாவது வேண்டும் என்பது இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியத்தின் (செபி) விதி.

இவற்றோடு மூன்றாவதாக, முதன்மை மையத்தின் அருகிலேயே ஓர் அண்மை மையமும் வேண்டும். தொலைவில் ஒன்று இருக்கும்போது அருகில் ஏன் இன்னொன்று என்ற கேள்வி எழலாம். விடை இயற்பியலில் உள்ளது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிநொடி ஆகும். ஒவ்வொரு வணிகத்தையும் சென்னையில் எழுதிவிட்டேன் என்ற விடை வந்த பிறகே மும்பையில் உறுதிசெய்வது என்றால் ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு சேரும். பங்கு வணிகத்தில் இது தாங்க முடியாத தாமதம். எனவே சில கிலோமீட்டரில் உள்ள அண்மை மையத்திற்கு உடனுக்குடன் படியெடுத்து இழப்பே இல்லாமல் பார்த்துக்கொள்கின்றனர். தொலைவு மையத்திற்குச் சற்றுப் பின்தங்கிய படி செல்கிறது. வேகமும் தொலைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று மேலே கூறியதன் முழு வடிவம் இதுவே.

இவ்வளவு ஏற்பாடும் இருந்த நிலையில், 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் நாள் முற்பகல் 11:40 மணிக்குத் தேசியப் பங்குச்சந்தையில் வணிகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறு சேமிப்பக அமைப்பையும் பாதித்து, இடர் கண்காணிப்பு அமைப்பு செயலிழந்தது. பிற்பகல் 3:45 மணிக்கே வணிகம் மீண்டும் தொடங்கியது. அன்று மாலை ஐந்து மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது. இந்த நான்கு மணி நேரமும் சென்னை மையம் இருந்தது. ஆனால் வணிகம் அங்கு மாற்றப்படவில்லை. மாற்றுவது என்ற முடிவை யார், எப்போது, எதை வைத்து எடுப்பது என்பதே பேரிடர் மீட்பின் கடினமான பகுதி. சற்றுநேரத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் மணிகள் கழியும்.

இதன் பின்னர் 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் செபி வெளியிட்ட சுற்றறிக்கை அந்த முடிவுக்கே காலவரையறை வைத்தது. முக்கிய அமைப்பு நின்றுபோனால் 30 நிமிடத்திற்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்திற்குள் பணியை மீட்க வேண்டும், தரவு இழப்பு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என அது கூறியது. 2024 ஆம் ஆண்டு மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் தேசியப் பங்குச்சந்தையும் மும்பைப் பங்குச்சந்தையும் சிறப்பு வணிக அமர்வுகளை நடத்தின. ஒவ்வொன்றிலும் முதற்பகுதி முதன்மை மையத்திலிருந்தும் இரண்டாம் பகுதி மீட்பு மையத்திலிருந்தும் நடந்தன. ஒத்திகையாக மட்டுமன்றி உண்மையான வணிகமாகவே அது நடந்தது குறிப்பிடத்தக்கது.

இணைப்பு அறுந்த படி

பணயத் தீநிரல் என்பது கணினியில் நுழைந்து கோப்புகளை மறையீடு செய்து, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரலாகும். வலையமைப்பில் எப்போதும் இணைந்திருக்கும் காப்புநகலையும் அது தேடிச் சென்று மறையீடு செய்யும். எத்தனை மைல் தொலைவில் இருந்தாலும் ஒரே கடவுச்சொல்லால் எட்டக்கூடிய நகல், இந்தத் தாக்குதலைப் பொறுத்தவரை உள்ளிட நகலே. எனவே ஒரு படியாவது இணைப்பிலிருந்து கழற்றப்பட்டோ, குறித்த காலம் வரை எவராலும் மாற்ற முடியாத வகையில் பூட்டப்பட்டோ இருக்க வேண்டும்.

2023 ஆம் ஆண்டு அக்டோபர் 28 ஆம் நாள் வெளிப்பட்ட தாக்குதலில் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் அமைப்புகள் முடங்கின. நூலகம் பணம் கொடுக்கவில்லை. தன் எண்ணிமத் தொகுப்புகள் அனைத்திற்கும் பாதுகாப்பான படிகள் இருந்ததாக 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆயினும் அவற்றை மீட்டு இடுவதற்குத் தக்க வழங்கிகள் இல்லாமையால் பணி மாதக்கணக்கில் நீண்டது. நகல் இருப்பது வேறு, நகலை இறக்கிவைக்க ஓர் இடம் இருப்பது வேறு.

இந்நிகழ்வு தமிழ் ஆய்வாளர்களையும் தொட்டது. அந்நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ்ப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் தமிழகத்துக் கையெழுத்து ஆவணங்களையும் பழைய ஒளிப்படங்களையும் எண்ணிமமாக்கியுள்ளன. தாக்குதலுக்குப் பின் அவற்றின் இணையப் பக்கங்கள் நெடுங்காலம் கிடைக்கவில்லை. எனினும் மூல ஆவணம் அதன் நாட்டிலேயே இருக்க வேண்டும், எண்ணிமப் படி உள்ளூர் அமைப்பிடமும் இலண்டனிலும் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. புதுச்சேரிக்கு இலண்டன் வெளியிடம் என்று எண்ணிச் செய்த ஏற்பாட்டில், இலண்டன் முடங்கியபோது புதுச்சேரி அதற்கு வெளியிடம் ஆயிற்று.

எத்தனை படிகள்

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இன்று பரவலாக வழங்குகிறது. மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றாவது வெளியிடத்தில் என்பது அதன் பொருள். நினைவில் வைக்க எளிது என்பதே அதன் சிறப்பு.

எவ்வளவு காலத்துப் படிகளை வைத்திருப்பது என்பதற்குப் பாட்டன்–தந்தை–மகன் என்ற சுழற்சி முறை உண்டு. நாள்தோறும் எடுப்பது மகன், வாரந்தோறும் எடுப்பது தந்தை, மாதந்தோறும் எடுப்பது பாட்டன். மகன் படிகள் ஒரு வாரத்தில் மேலெழுதப்படும். பாட்டன் படிகள் ஓராண்டுக்கு வைக்கப்படும். ஒரு கோப்பு பழுதானது மூன்று மாதம் கழித்தே தெரியவரும்போது நேற்றைய படியால் பயனில்லை, ஏனெனில் அதிலும் பழுதே இருக்கும். அப்போது பாட்டன்தான் உதவுவார்.

மீட்டுப் பார்த்தல்

2017 ஆம் ஆண்டு சனவரி 31 ஆம் நாள் கிட்லேப் என்னும் மென்பொருள் சேவையில் ஒரு பொறியாளர் களைப்பில் தவறான வழங்கியின் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் சில கிகாபைட்டே எஞ்சியது. அந்நிறுவனத்தில் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேடியபோது ஒன்றும் ஒழுங்காக இயங்கியிருக்கவில்லை. தரவுத்தள மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் நாள்தோறும் நடக்க வேண்டிய படியெடுப்பு தோல்வியுற்று வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அஞ்சல் வழங்கியால் நிராகரிக்கப்பட்டன. வெளியிடச் சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு படியே அவர்களைக் காப்பாற்றியது. அதை மீட்கவும் ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. நடந்தவற்றை மறைக்காமல் பொதுவில் எழுதி வெளியிட்டனர் என்பதால் அந்நிகழ்வு இன்றும் பாடமாகப் பயன்படுகிறது.

எடுத்தல் நடக்கிறது என்பதற்கு "வெற்றி" என்று திரையில் தோன்றும் சொல் சான்றாகாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது வேறொரு கணினியில் முழுமையாக மீட்டு, கோப்புகளைத் திறந்து பார்த்து, எடுத்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அந்த நேரமே உண்மையான மீட்பு நேரம். திட்டத்தில் எழுதியிருப்பது வெறும் விருப்பம். கோப்புகளின் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடுவதால், ஓசையின்றிச் சிதைந்த படிகளையும் கண்டுகொள்ளலாம்.

சிறிய அளவில்: ஒரு நெசவு வடிவமைப்பகம்

மேலே கூறியவை பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியன எனக் கருத வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த சேத்துப்பட்டை (சென்னையிலுள்ள சேத்துப்பட்டு வேறு) எடுத்துக்கொண்டு, அங்கு சேலை வடிவங்களை உருவாக்கித் தரும் ஒரு சிறு வடிவமைப்பகம் இருப்பதாகக் கற்பனை செய்வோம்.

சக்கார்டு பொருத்திய தறியில் சேலைக் கரையும் முந்தியும் துளையிட்ட அட்டைகளின்படி நெய்யப்படுகின்றன. கட்டத்தாளில் வரைந்த வடிவத்தின் ஒவ்வொரு வரிசைக்கும், அதாவது ஊடையின் ஒவ்வோர் ஓட்டத்திற்கும், ஓர் அட்டை. 480 கொக்கிகள், 2,000 ஊடை கொண்ட வடிவத்திற்கு 2,000 அட்டைகள் வேண்டும். அதே வடிவம் கணினியில் 9,60,000 கட்டங்கள் கொண்ட படமாகிறது. கட்டத்திற்கு ஒரு பிட்டு என்றால் 120 கிலோபைட். வண்ணங்களையும் சேர்த்துக் கட்டத்திற்கு ஒரு பைட்டு என்றால் 960 கிலோபைட். ஆயிரம் வடிவங்கள் சேர்ந்தாலும் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கும். இவற்றை வரைவதற்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். படியெடுக்கச் சில நிமிடம் போதும். தறியில் தொங்கும் அட்டைக் கட்டும் ஒருவகைக் காப்புநகலே, அதைப் பார்த்து வடிவத்தை மீண்டும் கணினியில் ஏற்றலாம். ஆனால் அட்டை எலிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். நெய்து முடிந்த பழைய வடிவங்களின் அட்டைகளை எல்லோரும் வைத்திருப்பதில்லை.

இந்த அளவுக்கு இரண்டு புற வன்தட்டுகளும் ஓர் இணையச் சேமிப்புக் கணக்கும் போதும். நாள்தோறும் மாலையில் முதல் தட்டில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வேறோர் அறையின் இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். கழற்றுவது முக்கியம். மின்னழுத்தம் எகிறும்போது செருகியிருக்கும் தட்டும் சேர்ந்தே போகும். இரண்டாவது தட்டு ஆரணியில் உறவினர் வீட்டிலோ கடையிலோ இருக்கலாம். சரிகையும் பாவும் வாங்க வாரந்தோறும் ஆரணிக்குச் செல்பவரே எடுத்துச் செல்லலாம். தீ, திருட்டு, மின்பழுது ஆகியவற்றுக்கு அடுத்த ஊர் போதுமான தொலைவு. பெருவெள்ளத்திற்கும் அதைவிடப் பெரியவற்றுக்கும் இணையத்தில் உள்ள படி துணைநிற்கும்.

தட்டுகளை மாற்றும்போது ஒரு நுட்பம் உண்டு. ஆரணியில் உள்ள தட்டைக் கொண்டுவந்து புதுப்பித்துத் திருப்பியனுப்பினால், அது சேத்துப்பட்டில் இருக்கும் அந்த ஒருநாள் மூலமும் இரண்டு தட்டுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அதற்கு மாறாக, இங்குள்ள புதுப்பித்த தட்டை எடுத்துச் சென்று அங்கு கொடுத்துவிட்டு, அங்குள்ள பழைய தட்டை வாங்கிவர வேண்டும். செலவு ஒன்றுதான், இடைவெளி மட்டும் அடைபடுகிறது. தனியாகப் பயணம் செய்யும் தட்டை மறையீடு செய்துவைப்பது நல்லது. வடிவங்கள் இன்னொருவர் தறிக்குப் போய்விட்டால் அதுவும் இழப்பே. மறையீட்டின் கடவுச்சொல்லை அதே கணினியில் மட்டும் சேமித்துவைத்தால், கணினி எரியும் நாளில் ஆரணியில் உள்ள தட்டைத் திறக்க முடியாது. அதனைத் தாளில் எழுதி, எந்தத் தட்டில் எந்த நாளின் படி உள்ளது என்ற பட்டியலுடன் உறையிலிட்டு, தட்டு இருக்கும் வீட்டில் அல்லாமல் நம்பிக்கையான மூன்றாமவர் ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம்.